ரயிலுக்கு ஒரு கமிஷனர், காவல் நிலையத்துக்கு?

2025 ஆகஸ்டு 10-ம் தேதி ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரும் நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை, சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மாலையாவது மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலம் எழுந்து வெகுகாலமாகியும் ரயில் ஓடாததற்குப் பெட்டிகள் வந்துசேராதது முக்கியக் காரணம். ஆனால் பெட்டிகள் வந்த பிறகும், ஓர் அதிகாரி வந்து பார்த்து 'ஓடலாம்' என்று எழுதிக் கொடுக்கும்வரை ஒரு பயணியைக்கூட ஏற்ற முடியவில்லை. ஜூலை மாதத்தில் அவர் வந்தார். தண்டவாளம், சிக்னல், நிலையம் எல்லாவற்றையும் சோதித்தார். பிறகே சான்று கிடைத்தது. மெட்ரோ ரயில் பாதுகாப்பு கமிஷனர் என்பது அவருடைய பதவி.

இந்தக் கமிஷனர் மெட்ரோ நிறுவனத்தின் ஆள் அல்லர். ரயில்வே வாரியத்தின் ஆளும் அல்லர். ரயில் பாதுகாப்பு கமிஷன் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. தலைமை அலுவலகம் லக்னோவில்; தென் வட்டத்தின் அலுவலகம் நம் பெங்களூரிலேயே இருக்கிறது. ரயிலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இல்லை என்பதுதான் காரணம்!

வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே இன்ஸ்பெக்டர்கள் ரயில்வே வாரியத்துக்குக் கீழேயே இருந்தார்கள். வண்டியை ஓட்டுகிறவரே வண்டி கவிழ்ந்தால் விசாரிப்பவரையும் ஆட்டிவைத்தார். 1937-ல் பீகாரில் பிஹ்டா அருகே நடந்த பெரிய விபத்தும், அதையொட்டி 'பசிபிக்' ரக எஞ்சின்களை ஆராய அமைத்த குழுவும் இந்த ஏற்பாடு சரியல்ல என்ற எண்ணத்தை வலுப்படுத்தின. 1941-ல் அந்த இன்ஸ்பெக்டர்களை வாரியத்திடமிருந்து பிரித்து, அப்போது தபாலையும் விமானத்தையும் கவனித்துவந்த இலாகாவிடம் ஒப்படைத்தார்கள். அந்தப் பிரிவினை இன்றுவரை நீடிக்கிறது.

டிப்ளமா முடித்து ரயில்பாதைப் பிரிவில் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதிலேயே காலம் தள்ளியவன் நான். கமிஷனர் வருகிறார் என்றால் டிவிஷனல் மானேஜர் முதல் கேங்மேன் வரை தூக்கம் போய்விடும். எங்கள் மேலதிகாரி எவ்வளவு பெரியவரானாலும் கமிஷனரை மாற்றல் செய்ய முடியாது, அவருடைய ரகசியக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுத முடியாது. டிராலியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது எங்களுக்கு இருந்த பயத்தின் வேர் அதுதான்.

இதை இங்கே எழுதக் காரணம் ரயில் அல்ல, போலீஸ்.

எங்கள் பகுதியில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெயிண்டர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். அவர் வேலை செய்த வீட்டில் நகை காணாமற்போயிற்று. விசாரணை என்று ஒரு மாலை அழைத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. கைது என்றால் சட்டப்படி எழுத வேண்டிய குறிப்பு இல்லை, மனைவிக்குத் தகவல் இல்லை. மூன்றாம் நாள் காலை, நகை அந்த வீட்டு உறவினர் ஒருவரிடமே கிடைத்துவிட்டதாம், இவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் அவரால் ஏணியில் ஏற முடியவில்லை. புகார் எழுதிக் கொடுங்கள், நான் உடன் வருகிறேன் என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டது: "எங்கே கொடுக்கிறது ஐயா, அதே ஸ்டேஷன்லயா?"

அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் காகிதத்தில் ஒரு பதில் இருக்கிறது. அது வந்த கதை நீளமானது.

1861-ல் பிரிட்டிஷ் அரசு இயற்றிய போலீஸ் சட்டம், 1857 கலகத்துக்குப் பிறகு வந்தது. மக்களை அடக்கிவைக்க அமைந்த சட்டம் அது. போலீஸ் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் அரசாங்கத்துக்கு மட்டும் என்பதே அதன் சாரம். நெருக்கடி நிலைக்குப் பின் 1977-ல் தரம் வீரா தலைமையில் தேசிய போலீஸ் கமிஷன் அமைந்தது. 1979 முதல் 1981 வரை எட்டு அறிக்கைகள் கொடுத்தது. அவை அலமாரிக்குப் போயின. 1996-ல், உத்தரப் பிரதேசத்திலும் அசாமிலும் போலீஸ் தலைவராக இருந்து, எல்லைப் பாதுகாப்புப் படைக்கும் தலைமை தாங்கிய பிரகாஷ் சிங், அந்த அறிக்கைகளை நடைமுறைப்படுத்தக் கோரி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். போலீஸைத் திருத்த வேண்டும் என்று வழக்குப் போட்டவர் ஒரு போலீஸ்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். பத்தாண்டுகள் கழித்து, 2006 செப்டம்பர் 22-ல் தீர்ப்பு வந்தது.

ஏழு கட்டளைகள். ஆறாவதுதான் நம் பெயிண்டரின் மனைவிக்கான பதில்: போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க மாநில அளவில் ஒன்றும் மாவட்டம்தோறும் ஒன்றுமாகத் தனி ஆணையம். மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். தலைமை நீதிபதி தரும் பட்டியலிலிருந்து அரசு அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. காவலில் மரணம், கடுங்காயம், பாலியல் வன்கொடுமை போன்றவற்றை விசாரிக்கலாம். பணம் பறித்தல், நிலத்தையும் வீட்டையும் பிடுங்குதல் போன்றவற்றை மாவட்ட ஆணையமும் விசாரிக்கலாம். தவறு செய்தவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஆணையம் சொன்னால் அது அரசைக் கட்டுப்படுத்தும்.

போலீஸ் என்பது நம் அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். ரயில் பயணிகளுக்கு இந்தக் குழப்பம் நன்றாகத் தெரியும்: பிளாட்பாரத்தில் நிற்கும் ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசுடையது, பெட்டி திருடுபோனால் வழக்குப் பதியும் ரயில்வே போலீஸோ மாநில அரசுடையது. ஆகவே உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமாக்க வேண்டியிருந்தது. ஆக்கியது எப்படி என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

நாம் பிறந்த மாநிலத்தை முதலில் பார்ப்போம். தமிழ்நாடு 2013-ல் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநிலப் புகார் ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். உறுப்பினர்கள் போலீஸ் தலைவரும் சட்டம்-ஒழுங்கு கூடுதல் தலைவரும். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர். உறுப்பினர் யார் என்றால் எஸ்.பி. நீதிபதி என்ற சொல்லே காணாமற்போயிற்று. நாம் வாழும் மாநிலம் கர்நாடகம், 1963-ம் ஆண்டின் போலீஸ் சட்டத்தை 2012-ல் திருத்தி ஆணையங்களுக்கு இடம் கொடுத்தது. ஆனால் மாவட்ட ஆணையத்தில் அந்த மாவட்ட எஸ்.பி.யே உறுப்பினர்-செயலாளர். கோப்பைத் திறப்பவரும், கூட்டத்துக்குத் தேதி குறிப்பவரும், புகாருக்கு ஆளான இன்ஸ்பெக்டரின் மேலதிகாரியும் ஒருவரே! நான் போட்ட தண்டவாளத்துக்கு நானே பாதுகாப்புச் சான்று எழுதிக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரயிலில் நீங்கள் குடும்பத்தோடு ஏறுவீர்களா?

கேரளத்தில் நிலைமை கொஞ்சம் மேல். அங்கே 2011 சட்டத்தின்படி மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிதான் தலைவர். பொதுவாகப் பார்த்தால், தீர்ப்பை மாநிலங்கள் எப்படி மதித்தன என்று பார்க்க உச்ச நீதிமன்றமே நியமித்த நீதிபதி கே.டி. தாமஸ் குழு, 2010-ல் தன் அறிக்கையில் மாநிலங்களின் அலட்சியத்தைக் கண்டு வேதனைப்பட்டது.

ஆணையம் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூன் 19-ல், ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் கடை திறந்திருந்தது என்ற காரணத்தைக் காட்டி, செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் போலீஸாரிடம் சிக்கினார்கள். 22-ம் தேதி இரவு மகன் இறந்தார். 23-ம் தேதி காலை தந்தை இறந்தார். விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட்டுக்கு ஒத்துழைப்பு இல்லை. காவல் நிலையத்தின் காமிராப் பதிவு அன்றன்றைக்குத் தானே அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்தது. சேமிக்க இடம் இல்லாமல் அல்ல. கடைசியில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிட்டது. பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னார். சி.பி.ஐ. ஒன்பது போலீஸார் மீது கொலைக் குற்றச்சாட்டு வைத்தது. ஓர் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, தாசில்தாரை அனுப்பி ஹார்ட் டிஸ்கைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்றால், அந்த வேலைக்கென்று இருக்கவேண்டிய அமைப்பு எங்கே போயிற்று?

அதே ஆண்டு டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும், லாக்கப், நடை, வாசல் என்று ஓரிடம் விடாமல், ஒலியும் பதிவாகும் காமிரா வைக்கவும், பதிவைப் பதினெட்டு மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்கவும் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் காமிரா ஒரு கருவி. கருவியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது எங்கள் சிக்னல் பிரிவுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி.

சிக்னல் என்றதும் பாலசோர் நினைவுக்கு வருகிறது. 2023 ஜூன் 2-ல் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் லூப் லைனில் திரும்பி நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290 பேருக்கு மேல் மாண்டார்கள். நம் பெங்களூரிலிருந்து ஹவுரா போன வண்டியும் அதில் சிக்கியது. பாதுகாப்பு கமிஷனர் விசாரித்தார். பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, விஷயம் தெரிந்த யார் வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்லலாம் என்று கூப்பிடுவது இந்த விசாரணையின் வழக்கம். சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்த மாற்றத்தில் நேர்ந்த தவறைக் கண்டுபிடித்தார். அதோடு நிற்கவில்லை. 2022 மே மாதம் அதே கரக்பூர் டிவிஷனில் இதே மாதிரியான வயரிங் கோளாறு நடந்திருந்தது, அப்போதே திருத்தியிருந்தால் இது நேர்ந்திராது என்றும் எழுதினார். நம் மாநிலத்திலேயே, 2023 பிப்ரவரியில் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ் தவறான தடத்தில் போகப் பார்த்தது. டிரைவர் நிறுத்தியதால் தப்பியது. தென்மேற்கு ரயில்வேயின் தலைமை இயக்க அதிகாரி உடனே எச்சரித்துக் கடிதம் எழுதியிருந்தார்.

போலீஸ் விசாரணையில் நான் காணாத சமாசாரம் இது. அங்கே ஒருவர் செத்தால் இரண்டு பேரை சஸ்பெண்ட் செய்வார்கள். அந்த நிலையத்தில் முந்தின ஆண்டு எத்தனை பேர் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அப்போது யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று கேட்பார் இல்லை.

இதில் போலீஸ்காரர்களின் பக்கமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. 2025 ஜூன் 4-ல் சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். மறுநாளே நகர போலீஸ் கமிஷனர் உட்பட ஐந்து அதிகாரிகளை அரசு சஸ்பெண்ட் செய்தது. அதே சமயத்தில்தான் ஓய்வுபெற்ற நீதிபதி குன்ஹா தலைமையில் விசாரணைக் கமிஷனும் அமைந்தது. விசாரணை தொடங்குமுன் தண்டனை! ஜூலை 1-ல் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் அவர்களில் ஒருவரின் சஸ்பென்ஷனை ரத்து செய்தது; அந்த மாதக் கடைசியில் அரசே மற்றவர்களின் சஸ்பென்ஷனையும் விலக்கிக்கொண்டது. ஆட்சியில் இருப்பவர்களின் கோபத்துக்கு ஆளாகும் போலீஸ்காரருக்கும் ஒரு சுதந்திரமான விசாரணை அமைப்பு வேண்டும். பல மணி நேரம் பந்தோபஸ்தில் நின்று, லீவு கிடைக்காமல், மந்திரி வீட்டு போனுக்குப் பயந்து வேலை செய்யும் சாதாரண கான்ஸ்டபிளுக்கு இது தெரியும். பொய்ப் புகார் பெருகிவிடும் என்ற கவலையை நான் மறுக்கவில்லை. ஆனால் பொய்யைப் பொய் என்று எழுதினால் மக்கள் நம்பக்கூடிய ஒருவர் வேண்டுமல்லவா? அதை எஸ்.பி. எழுதினால் யார் நம்புவார்கள்?

தலைவர் நீதிபதியாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நம் கர்நாடக லோகாயுக்தாவே சாட்சி. 1984-ம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அமைப்பு. நீதிபதி சந்தோஷ் ஹெக்டேயின் 2011 சுரங்க அறிக்கை ஒரு முதல்வரின் பதவியையே ஆட்டியது. அப்படிப்பட்ட அமைப்பிடமிருந்து 2016-ல் ஊழல் தடுப்பு வழக்குகளை எடுத்து, அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் ஏ.சி.பி. என்ற புதிய பிரிவிடம் கொடுத்தார்கள். 2022 ஆகஸ்டு 11-ல் உயர் நீதிமன்றம் அந்த ஏ.சி.பி.யை ரத்து செய்தது. இடையில் ஆறு ஆண்டுகள் போயின. இன்னொரு விஷயம்: லோகாயுக்தாவில் விசாரிக்கும் போலீஸார் மாநிலப் போலீஸிலிருந்து வந்து, சில ஆண்டு கழித்து அங்கேயே திரும்பிப் போகிறவர்கள். நாளைக்குத் தன் மேலதிகாரியாக வரப்போகிறவரை இன்றைக்கு எப்படி விசாரிப்பார்?

இங்கிலாந்து இந்த முடிச்சைப் பல தடவை அவிழ்க்கப் பார்த்திருக்கிறது. 1977-ல் ஒரு போர்டு, 1985-ல் ஓர் ஆணையம், 2004-ல் இன்னொன்று, 2018-ல் மற்றொன்று. இப்போதுள்ள அமைப்பின் தலைவர் ஒருபோதும் போலீஸில் வேலை பார்த்தவராக இருக்கக் கூடாது என்பது சட்டம். காவலில் மரணமோ கடுங்காயமோ நேர்ந்தால், யாரும் புகார் கொடுக்காவிட்டாலும், போலீஸே அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். வட அயர்லாந்தில் 2000-ம் ஆண்டு முதல் போலீஸ் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். அவருக்குச் சொந்த விசாரணை அதிகாரிகள் உண்டு. இரண்டு சமூகங்கள் ஒன்றையொன்று நம்பாத, ஒரு சமூகம் போலீஸையே நம்பாத ஊர் அது. ஆகையால்தான் முதலில் அங்கே இதைச் செய்தார்கள் என்று நினைக்கிறேன்.

இலங்கையின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே போலீஸ் முழு நாட்டுக்கும் ஒரே படை. 2001-ல் 17-வது திருத்தம் தேசிய போலீஸ் ஆணையத்தை உருவாக்கியது. நியமனம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை, மக்கள் புகார் எல்லாம் அதன் கையில். 2010-ல் 18-வது திருத்தம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2015-ல் 19-வது திருத்தம் திருப்பிக் கொடுத்தது. 2020-ல் 20-வது மறுபடி குறைத்தது. 2022-ல் 21-வது மறுபடி நிமிர்த்தியது. ஆட்சி மாறும்போதெல்லாம் காவலனுக்குக் காவலன் ஒரு முறை எழுந்து ஒரு முறை உட்கார்ந்தான்.

ரயில்வே கமிஷன் குறையில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். கமிஷனர்கள் ரயில்வே அதிகாரிகளிலிருந்தே வருகிறவர்கள். அவர்களுடைய பரிந்துரையை வாரியம் ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2012-ல் அனில் ககோட்கர் குழு, இதைவிட அதிகாரமுள்ள தனி ரயில் பாதுகாப்பு ஆணையம் வேண்டும் என்று சிபாரிசு செய்தது, அது வரவில்லை. ஆனாலும் விசாரிப்பவரின் சம்பளப் பட்டியல் விசாரிக்கப்படுபவரின் மேஜைக்கு வருவதில்லை என்ற ஒரே ஏற்பாடு எண்பது ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. கர்நாடக ஆணையங்களில் எஸ்.பி.யை எடுத்துவிட்டு மாவட்ட நீதிபதியை உட்காரவைப்பதற்கும், மாநிலப் போலீஸுக்குத் திரும்பிப் போகாத விசாரணை அதிகாரிகளை நியமிப்பதற்கும், ஆண்டறிக்கையைச் சட்டசபையில் வைத்து வெளியிடுவதற்கும் ஒரு சின்னத் திருத்தம் போதும். மாநிலச் சட்டம் என்பதால் டெல்லிக்குப் போக வேண்டியதும் இல்லை, விதான சௌதாவே போதும்.

வெளிமாநிலத்துக்காரர்களாகிய நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் இந்த ஊரில் கண்டவர்கள், தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரரின் நல்லெண்ணத்தை எவ்வளவு நம்பியிருந்தோம் என்பதை அறிவார்கள். அந்த நாட்களில் நம் குடும்பங்களைக் காப்பாற்றிய கன்னடப் போலீஸாரும் அண்டை வீட்டாரும் பலர். ஒருவருடைய நல்ல மனசை நம்பி இருப்பது வேறு, சட்டத்தை நம்பி இருப்பது வேறு. கட்டட வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் வந்து, கன்னடம் சரியாகப் பேச வராத நம் பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் தேவை.

திருத்தம் வரும்வரை இருக்கும் வழிகளையாவது தெரிந்து வைத்துக்கொள்வோம். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தவரோ அந்தப் பகுதிப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. நிலையத்தில் வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு, பெங்களூரில் துணை கமிஷனருக்கு, எழுத்து மூலம் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மனித உரிமை ஆணையங்களின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அவர்களிடமிருந்து நோட்டீஸ் வந்தால் கோப்பு நகரும். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு (மானவ் அதிகார் பவன், ஐ.என்.ஏ., புதுடெல்லி 110023) கட்டணம் ஏதுமில்லை, தமிழிலேயே எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுதிவிட வேண்டும். கர்நாடக மாநில ஆணையத்தில் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தால் டெல்லி அதை எடுத்துக்கொள்ளாது, ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவுத் தபால் ரசீதையும், ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் அதன் நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

இந்த விவரங்களைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு தாளில் அச்சிட்டுச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். கன்னட வாசகத்தைப் பார்த்துக் கொடுக்க என் பழைய சகா ஒருவர், ஹாசன்காரர், ஒப்புக்கொண்டிருக்கிறார்.